பையன் சோறு தொடமாட்டேன் என்கிறான், பால் மட்டும்தான் குடிக்கிறான். என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்ற அம்மாக்களுக்கும் புரியட்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே அறையும் ஓரத்தில் சமையல் மேடையும் உள்ள வீடு, மாமியார் கூடவே இருக்கிறார். பையனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம், எடை 11 கிலோ, ஒரு வயதில் 8.8 கிலோ இருந்தான். சோற்றுத் தட்டைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். போனில் பாட்டு ஓடினால் நாலு வாய் உள்ளே போகும், அதற்கும் ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஆயாவோடு, அதாவது மாமியாரோடு, அரை டம்ளர் டீயும் பொறை ரொட்டியும், அப்புறம் நாள் முழுக்க நாலு பாட்டில் பால், நடுநடுவே பிஸ்கட். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதை உறிஞ்சி எடுக்கிறவர்களிடம் போய்த் தொக்கம் எடுக்கலாம் என்கிறார் மாமியார், கணவர் பசி எடுக்க டானிக் வாங்கி வந்துவிட்டார். "புள்ள இளைச்சுப் போச்சு, நீ சரியா பாக்கல" என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வடசென்னைப் பக்கத்தில் குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு பெயரில், வேறு வேறு தெருவிலிருந்து வந்து கேட்கிறார்கள், பெரும்பாலும் அழுதுகொண்டே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடை. நீங்கள் கொடுத்திருக்கிற இரண்டு எண்ணும்தான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான விஷயம். இரண்டு வயது ஆண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நடுக்கோடு 12.2 கிலோ, கீழ் எல்லை 9.7 கிலோ. 26 மாதத்துக்கு அந்தக் கீழ் எல்லை 10 கிலோவை ஒட்டி வரும். உங்கள் பையன் 11. தாய் சேய் அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறான். ஒரு வயதிலும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் இருந்தான். அதாவது மெலிந்த வாகு, ஆனால் தன் கோட்டை விட்டு இறங்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நிறுத்திப் பார்த்து யார் என்ன சொன்னாலும் இந்தக் கோட்டைத்தான் நம்ப வேண்டும். "சரியா பாக்கல" என்ற பேச்சை நீங்கள் சுமக்கத் தேவையே இல்லை.

பிறக்கும்போது 3 கிலோ இருக்கிற குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது, அதாவது 6 கிலோ ஏறுகிறது. இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்து ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். "எட்டு மாசத்துல கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டான், இப்ப என்னாச்சுன்னே தெரியல" என்று சொல்லாத அம்மா இல்லை. ஒன்றும் ஆகவில்லை, உடம்பு அவ்வளவு கேட்கவில்லை. இதோடு கடைவாய்ப் பல் முளைக்கிற வலி, சளி காய்ச்சல் வந்துபோன பிறகு ஒரு வாரம் பத்து நாள் நாக்கு செத்துக் கிடப்பது, மே மாதத்து வெயில் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பையன் சாப்பிடாமல் இல்லை. சோறு சாப்பிடவில்லை, அவ்வளவுதான். காலையிலிருந்து அவன் வாய்க்குள் போவதைக் கூட்டிப் பாருங்கள். நாலு பாட்டில் என்றால் 800 மில்லி பால். கொழுப்புக் குறைவான நீலப் பாக்கெட் பால் என்று வைத்துக்கொண்டாலும் அதுவே சுமார் 470 கலோரி. பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னும் 80. டீயும் பொறையும் ஒரு 100, நாலு பிஸ்கட் ஒரு 100. ஆக 750. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1010 கலோரி. நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடும்போது அவன் வயிற்றில் மிச்சம் இருக்கிற இடம் இரண்டு இட்லியும் ஒரு கை சோறும்தான். அதற்கு அவன் வாயை மூடிக்கொள்வது பிடிவாதமே இல்லை, வயிறு நிறைந்த மனுஷன் எவனும் செய்கிற காரியம்.

"பால்தானே, சத்துதானே" என்று மாமியார் சொல்வார். உண்மைதான், சத்துதான். இந்த 800 மில்லியிலேயே அவனுக்கு வேண்டிய புரதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைத்துவிடுகிறது. பாலில் கிடைக்காதது இரும்புச்சத்து. அவனுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும், 800 மில்லி பாலில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. போதாக்குறைக்கு மற்ற சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் பால் தடுக்கும், டீ அதைவிட அதிகமாகத் தடுக்கும். இரும்பு குறைந்தால் ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி போகும், பசி போனால் பிள்ளை சோற்றை ஒதுக்கிவிட்டு இன்னும் பாலையே கேட்கும். பாட்டில் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். குண்டாக, வெள்ளையாக, கொழுகொழுவென்று இருக்கிற பால் குடிப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கும். ஊரார் அந்தப் பிள்ளையைத்தான் "நல்லா வளக்குறா" என்பார்கள். பால் அதிகமானால் மலச்சிக்கலும் வரும். மூன்று நாளாக வயிறு கட்டிக்கொண்ட பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

அதனால் நீங்கள் முதலில் கை வைக்க வேண்டியது பாலில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு நாளைக்கு 400 மில்லி, மிஞ்சிப் போனால் 500. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வீடே ரணகளமாகிவிடும். நாலு பாட்டிலை மூன்றாக்கி நாலைந்து நாள் விடுங்கள், அப்புறம் இரண்டு. முதலில் குறைக்க வேண்டியது சோற்று நேரத்துக்கு முன்னால் வருகிற பாட்டிலை, அதாவது பதினொரு மணிப் பாட்டிலை. கடைசியில் ராத்திரிப் பாட்டில். தூக்கத்தில் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே படுக்கிற பிள்ளைக்கு முன்பல் வரிசையே சொத்தையாகிக் கறுத்துவிடும், பல் வலிக்கிற பிள்ளை மெல்லவும் மாட்டான். ஒரு வயது முடிந்த பிறகு பாட்டிலே தேவையில்லை, டம்ளருக்கு மாற்றுங்கள். டம்ளரில் கொடுத்தால் அளவு தன்னாலேயே குறையும், பாட்டிலில் உறிஞ்சுகிற சுகம் அதில் கிடையாது. சர்க்கரை போடாத பாலைக் குடிக்கமாட்டான் என்றால் அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று குறையுங்கள். டீயை மட்டும் படிப்படியாகவெல்லாம் இல்லாமல் ஒரே அடியாக நிறுத்திவிடுங்கள், இரண்டு வயதுப் பிள்ளைக்கு டீயில் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இதில் பெரிய சிக்கல் பிள்ளை இல்லை, பெரியவர்கள்தான். நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு அப்படி. ஒண்டுக் குடித்தனத்தில், நீளமான சந்துக்குள் வரிசையாக வாசல். பிள்ளை தவழ்ந்து படியைத் தாண்டினால் அடுத்த வீடு, அங்கே ஒரு அத்தை ஒரு முறுக்குத் துண்டு கொடுப்பார். தாத்தா டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு பன். பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும், அது பிள்ளையின் கண் மட்டத்திலேயே தொங்கும். சித்தப்பா வேலை முடிந்து வரும்போது கையில் ஜூஸ் பாக்கெட். எல்லாமே பாசம்தான், அதனால்தான் சண்டை போட்டு நிறுத்த முடியாது. ஆனால் பகல் ஒரு மணிக்குத் தட்டோடு உட்காருகிற நீங்கள் மட்டும்தான் அத்தனை பேர் பாசத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு, பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது. ஒரு நோட்டில் மூன்று நாள், யார் எது கொடுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். குறை கண்டுபிடிக்க என்று சொல்லாதீர்கள், "டாக்டர் கேட்டிருக்காங்க" என்று சொல்லுங்கள். ஒரு வாய் வடை, இரண்டு சிப்ஸ், மிட்டாய் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்றாம் நாள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படியுங்கள். "இவ்ளோவா சாப்பிட்டான்!" என்று அவர் வாயாலேயே வரும். நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சு, நோட்டு சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. அப்புறம் அவருக்கென்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: சாயங்காலம் நாலரை மணித் தின்பண்டம் ஆயா கையால்தான். வாழைப்பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பொட்டுக்கடலை மாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டை, கேழ்வரகு அடை, எதுவாக இருந்தாலும் அவர் இஷ்டம். கொடுக்கிற சந்தோஷம் அவருக்கு வேண்டும். அதைப் பிடுங்கினால் ஒளித்துக் கொடுப்பார்.

நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு, பத்தரை, மதியம் ஒன்று, நாலரை, ராத்திரி ஏழரை. அரை மணி முன்னே பின்னே போகலாம், லாரித் தண்ணீர் வருகிற நாளில் எல்லாம் தள்ளித்தான் போகும், பரவாயில்லை. ஆனால் இந்த ஐந்து வேளைக்கு நடுவில் வெறும் தண்ணீர் மட்டும். பாலையும் இந்த வேளைகளில் ஒன்றாகவே, சாப்பாட்டோடு சேர்த்தோ தின்பண்டத்தோடு சேர்த்தோ வையுங்கள். இரண்டரை மூன்று மணி நேரம் வாய்க்குள் எதுவும் போகாமல் இருந்தால்தான் பசி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவரும்.

சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் 1980களில் ஒரு பங்கீடு வகுத்தார், இன்றைக்கும் குழந்தை மருத்துவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றவர் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. கேட்கச் சுலபம், செய்யும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு வாயோடு எழுந்து போகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எந்த அம்மாவுக்கும் லேசு இல்லை. ஆனாலும் உட்காருங்கள். தரையில் பாய் விரித்து வீட்டிலிருக்கிற எல்லோரும் ஒன்றாக, அவனுக்கும் ஒரு சின்ன தட்டு, எல்லோருக்கும் உள்ள அதே சாப்பாடு. வயதுக்கு ஒரு மேசைக் கரண்டி என்பது நல்ல கணக்கு: இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பருப்பு, ஒரு ஓரமாகக் கொஞ்சம் பொரியல். பெரிய குவியலைப் பார்த்தாலே பிள்ளை பயந்துவிடும், வேண்டுமென்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இருபது, இருபத்தைந்து நிமிடம். "ஒரே ஒரு வாய்", "இது அப்பாவுக்கு, இது காக்காவுக்கு" எல்லாம் வேண்டாம். அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசிக்கொண்டு நீங்கள் சாப்பிடுங்கள். நேரம் முடிந்ததும் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அரை மணியில் வந்து பால் கேட்டு அழுவான். அங்கேதான் உறுதியாக இருக்க வேண்டும்: "நாலரைக்கு ஆயா கிழங்கு தருவாங்க." தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே காட்டுங்கள், ஆனால் பாட்டில் கிடையாது.

முதல் மூன்று நாலு நாள் மோசமாகத்தான் இருக்கும், இன்னும் குறைவாகக்கூடச் சாப்பிடலாம். உடம்பில் வேறு கோளாறு இல்லாத பிள்ளை எதிரே சாப்பாடு இருக்கும்போது தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொள்ளாது. 1991இல் அமெரிக்காவில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அளந்து பார்த்தார்கள். வேளைக்கு வேளை தாறுமாறாக ஏறி இறங்கியது, ஆனால் ஒரு நாள் மொத்தக் கணக்கு பெரிதாக மாறவே இல்லை. காலையில் தொடாதவன் மதியம் ஈடுகட்டிவிடுகிறான். ஒவ்வொரு வேளையையும் கணக்குப் பார்த்து அழாமல், ஒரு வாரத்தை மொத்தமாகப் பாருங்கள்.

போன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 வயதுக்கு உள்ளே திரையே வேண்டாம், அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பாட்டோடு போனைச் சேர்ப்பதில் இன்னொரு தொந்தரவு இருக்கிறது: திரையைப் பார்க்கிற பிள்ளைக்கு வாயில் போவது இட்லியா கீரையா என்றே தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது, அதனால் சாப்பிடக் கற்றுக்கொள்ளவே மாட்டான். எல்லா வேளையிலும் ஒரே நாளில் பிடுங்கவேண்டாம். வீட்டில் ஆள் இருக்கிற ராத்திரிச் சாப்பாட்டில் முதலில் நிறுத்துங்கள், எல்லோர் போனும் அலமாரி மேலே, அப்பா போனும் சேர்த்து. ஒரு வாரம் கழித்து மதியம்.

என்ன கொடுப்பது என்பதில் உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, புதுமீன் கிடைக்கிற இடத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்கு மீன் பழக்காமல் விடாதீர்கள். கிழங்கா மீன் வாங்குங்கள், சதை மிருது, வாடை குறைவு, பிள்ளைபெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நம் பக்கத்தில் இதைத்தானே முதலில் கொடுப்பார்கள். குழம்பில் வெந்த மீனை எடுத்து ஆறவிட்டு, முதுகுப் பக்கம் விரலால் அழுத்திப் பிளந்தால் சதை இரண்டு பக்கமும் கழன்று வரும். வாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நடுமுள் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். அத்தோடு விட்டுவிடக் கூடாது. சதையை உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்து முள் தலைமுடி கனம்தான் இருக்கும், கண்ணுக்குத் தட்டாது, விரலுக்குத் தட்டும். இதை வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் முள் தேடாதீர்கள். மத்தி சத்தான மீன், விலையும் குறைவு, ஆனால் பொடி முள் அதிகம் என்பதால் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க இன்னும் பொறுமை வேண்டும். சுறாப்புட்டு முள் தொந்தரவு இல்லாதது என்று பலர் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பெரிய சுறாவின் உடம்பில் பாதரசம் சேரும், அதனால் இந்த வயதில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இரும்புக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) போல வேறு எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், மிளகும் சீரகமும் போட்டு நன்றாக வேகவைத்த ஈரல் இரண்டு மூன்று சின்னத் துண்டு, பொடியாக நறுக்கிச் சோற்றில் பிசைந்து. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். மற்ற நாளில் முட்டை, கேழ்வரகு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை. கீரை பருப்போடு அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு கொய்யா கொடுத்தால், அதிலிருக்கிற இரும்பு உடம்பில் நன்றாக ஏறும். தனிச் சமையல் செய்யாதீர்கள். சாம்பாரிலோ குழம்பிலோ மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு கரண்டி அவனுக்கு எடுத்து வைத்துவிடுங்கள், அது போதும். சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் சாப்பிடுகிற நாலு வாய்க்கும் பலம் கூடும்.

புது உணவை ஒதுக்குவது இரண்டு வயதுக்கு மேல் கூடி, ஐந்தாறு வயது வரைகூட இருக்கும், இது வளர்ச்சியின் ஒரு கட்டம். ஒரு காய் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். நாம் மூன்றாவது தடவையே "இவனுக்கு பீட்ரூட் புடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறான். அவனுக்குப் பிடித்த இட்லியின் பக்கத்தில் பட்டாணி அளவு புதுக் காய், அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தால் சரி, நக்கிப் பார்த்துத் துப்பினாலும் சரி, பத்து நாள் கழித்து மறுபடி. கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரவைத்து நாலு காம்பை அவன் கையில் கொடுங்கள், முருங்கைக்காயை மடக்கென்று ஒடிக்க விடுங்கள். கையில் பழகியது வாய்க்கும் சீக்கிரம் பழகும். "கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள், கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அவன் மனதில் பதியும். மூக்கைப் பிடித்து, கையைக் கட்டி ஊட்டுவது வேண்டவே வேண்டாம், அழும்போது வாயில் திணித்தது மூச்சுக்குழாய்க்குள் போகும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், வேகாத சுண்டல் இதெல்லாம் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். கடலை என்றால் பொடித்து, திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான்.

இரண்டு வயது ஆகிவிட்டதால் பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்கலாம். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே பள்ளிப் பிள்ளைகளோடு, பள்ளிக்குப் போகாத இந்த வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் தொடங்கினார்கள், இன்றைக்கும் மதியம் சூடாகக் கலவை சாதமும் முட்டையும் கொடுக்கிறார்கள். வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை அங்கே பத்துப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணுவதைப் பார்த்து எத்தனையோ அம்மாக்கள் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். சத்துமாவும் அங்கேயே கிடைக்கும், கஞ்சி பிடிக்காவிட்டால் அதைத் தோசை மாவில் கலந்து ஊற்றுங்கள். வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை, வைட்டமின் ஏ, இவை அரசுத் திட்டத்தில் இலவசம், விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கணவர் வாங்கி வந்த டானிக். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பசி டானிக்குகளில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற மருந்து. அது அலர்ஜிக்கான மருந்து, பசி எடுப்பது அதன் பக்கவிளைவு, தூக்கம் இன்னொரு பக்கவிளைவு. கொடுக்கிற வரை தின்பான், மந்தமாகத் தூங்குவான், நிறுத்தினால் பழைய கதைதான். லேபிளைப் பாருங்கள், அந்தப் பெயர் இருந்தால் டாக்டர் எழுதித் தராமல் ஒரு சொட்டும் வேண்டாம். பாலில் கலக்கிற பவுடரும் அவசியமில்லை, பலவற்றில் சர்க்கரைதான் கணிசமாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களிடம், இப்படிப்பட்ட பானங்களை ஆரோக்கிய பானம் என்ற வகையிலிருந்து எடுக்கச் சொன்னது.

தொக்கம் எடுப்பதைப் பற்றி. இதை நான் கடுமையாகவே சொல்வேன். வாயோ குழாயோ வைத்து உறிஞ்சி, வயிற்றைத் தடவி அழுத்தி, கடைசியில் ஒரு சோற்றுப் பருக்கையையோ சதைத் துணுக்கையோ எடுத்துக் காட்டி இதுதான் சிக்கியிருந்தது என்பார்கள். சாப்பிட்டது சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுக் குடலுக்குப் போய்விடும், பத்து நாள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்காது, உறிஞ்சி எடுக்கவும் முடியாது. உண்மையிலேயே தொண்டையில் ஏதாவது சிக்கியிருந்தால் பிள்ளை மூச்சுத் திணறும், எச்சில் முழுங்க முடியாமல் ஒழுகும், அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். தொக்கத்தால் தொற்று வரலாம், அழுத்துகிற அழுத்தில் உள்ளே அடிபடலாம். மாமியார் மனசு கேட்காவிட்டால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடட்டும், அதில் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவர் பயப்படுவதும் பேரன் மேல் உள்ள உயிரால்தான், அதைக் கேலி செய்யாமல், "சுத்திப் போடுங்க அத்தை, தொக்கம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டே மாதம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ. எடை குறைந்தாலோ, இரண்டு மூன்று மாதமாக ஏறவே இல்லை என்றாலோ, வரைபடத்தில் மஞ்சள் பட்டைக்கு இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுவது, ஒவ்வொரு வேளையும் வாந்தி, மண்ணையோ சுவரையோ சாக்பீஸையோ தின்பது, விடாத மலச்சிக்கல், அடிக்கடி காய்ச்சல், முன்பு சாப்பிட்டதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவது, கெட்டியான எதையும் வாயில் வைக்கவே முடியாமல் ஓங்கரிப்பது, இதெல்லாம் வெறும் அடம் இல்லை. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதும் சேர்ந்திருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும், சில பிள்ளைகளுக்கு உணவின் வழவழப்பையோ வாசனையையோ தாங்க முடியாது, அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் தூரமில்லை.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், நாலு பாட்டில் பால் குடிக்கிற பிள்ளை என்பதால் ஹீமோகுளோபின் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குறைவாக இருந்தால் சிரப்பின் அளவை டாக்டர் எடைக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் கொடுப்பார். அந்தச் சிரப்பைப் பாலோடு கலக்காதீர்கள், பால் குடித்து ஒரு மணி நேரமாவது விட்டுக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். போகும்போது தாய் சேய் அட்டை, அந்த மூன்று நாள் நோட்டு, வாங்கி வைத்திருக்கிற டானிக் பாட்டில் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள், முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.